பல்லம்மாவும் புது சாக்கெட்டும்

வேலையை விட்டுவிட்டேன் என்று பல்லம்மா சாப்பாட்டு மேஜையில் அறிவித்ததும், மகன் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்ததும், மருமகள் மட்டும் "நல்ல காரியம் பண்ணீங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் களேபரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதற்குள் வீட்டில் அடுத்த சண்டைக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லம்மா பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் அனுப்பும் அளவை வைத்துக்கொண்டு, உடைந்த பல்லுக்கு மேலே மாட்டும் உறையை, அதாவது கேப்பை, செய்து கொடுக்கிறவள். பல்லம்மா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பாதி ஆயுளை ஒரு பல் லேபில் மெழுகும் கத்தியுமாகக் கழித்தவள்.

லேபில் கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி அதன் முன்னால் இளவட்டங்களை உட்கார வைத்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று சிரித்தார். பல்லம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, மருமகளின் லேப்டாப்பில் அதே வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். கற்று முடித்த கையோடு ராஜினாமாவை நீட்டிவிட்டாள்.

வீட்டுக்காரர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவர், வருஷத்தில் பாதி கடலில். செய்தியைப் போனில் கேட்டவர், "உன் கையை நம்பி நீ இறங்கற. நான் யாரு குறுக்க நிக்க?" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் கை மட்டும் இருந்தால் பல் வந்துவிடாது என்பது சனிக்கிழமை காலையில் தெரிந்துபோனது.

டாக்டர் ஒருவர் முதல் கேஸை அனுப்பியிருந்தார். நோயாளியின் வாயை ஸ்கேன் செய்த கோப்பு. கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று. திங்கட்கிழமை காலையில் வேண்டும். "முதல்ல இதைப் பண்ணுங்க, பார்க்கலாம்" என்று அவர் சொன்ன 'பார்க்கலாம்' பல்லம்மாவின் காதில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

கோப்பைத் திறந்தாள். திரையில் தாடை வந்தது. அதைத் திருப்பப் பார்த்தாள். லேப்டாப் ஓவென்று இரைந்தது. தாடை பாதி திரும்பி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா, கொட்டாவி விட்டுடுச்சா?" என்று மகன் எட்டிப் பார்த்தான்.

"மூடச் சொன்னா மூடமாட்டேங்குதுடா. அப்படியே உன்னை மாதிரி."

பழகிப் பார்த்த சின்னக் கோப்பும் நிஜமான கேஸும் வேறு வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு பல் என்றாலும், ஸ்கேனில் இரண்டு தாடையும் ஈறுமாக லட்சக்கணக்கில் புள்ளிகள். லேப்டாப் பாவம், தன் சக்திக்கு மேலே தூக்கியிருக்கிறது.

மகன் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லேப்டாப் தாங்காது, புது வகையில் ஒன்று வாங்கலாம் என்று மனைவி போன வாரமே சொல்லியிருந்ததால் அவன் தயாராக இருந்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். பழைய டீ-ஷர்ட்டில் பொதிந்து வைத்திருந்த மதர்போர்டு, ரேம், வயர்கள். கல்லூரியில் படிக்கும்போது அவனே கைப்படச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது. அன்றைக்குப் பல்லம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

"போர்டு நல்லா இருக்கு, ரேம் இருக்கு. இந்த சாக்கெட்டுக்கு வந்ததுலேயே நல்ல பிராசஸர் ஒண்ணு இன்னும் கடையில கிடைக்குது. அதை மட்டும் வாங்கி மாட்டினா முடிஞ்சது. உன் தாடை பம்பரமா சுத்தும்."

"அந்த சாக்கெட்டுக்குக் கடைசியா வந்ததுன்னு சேர்த்துச் சொல்லுங்க" என்றாள் மருமகள். அவள் வேலைக்குப் போகும் சட்டையில் தோள்பட்டைக் கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு மேல அந்த போர்டுல எதுவும் ஏறாது. அதோட முட்டுச்சந்து."

"முட்டுச்சந்துலயும் வீடு கட்டிக் குடியிருக்காங்கல்ல?"

"குடியிருக்கலாம். கடை வைக்க முடியாது."

பல்லம்மா லேப்டாப்பை மூடினாள். "ரெண்டு பேரும் கடைக்கு வாங்க. அங்க வச்சு அடிச்சுக்கலாம். இங்க அடிச்சுக்கிட்டா எனக்குக் கம்ப்யூட்டர் வராது."

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தெரு ஒரே நீளமாக இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். மகன் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பெண் இருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு யாருக்கோ போனில் வயர் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு நேராக மகனைப் பார்த்தாள். "சொல்லுங்க சார். கேமுக்கா, ஆபீசுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் பல்லம்மா.

"உங்களுக்கா? என்னம்மா வேலை?"

"பல்லு செய்யணும்."

கடைக்காரப் பெண் தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டு அவளை மறுபடி பார்த்தாள். மருமகள் விளக்கினாள். சுருக்கமாக, தேவையான சொற்களை மட்டும் போட்டு. இத்தனை பெரிய ஸ்கேன் கோப்பு, இந்த மென்பொருள், திரையில் திருப்பும்போது நிற்கக்கூடாது.

"மேடம் எந்த ஐடி கம்பெனி?"

"ஐடி இல்லை. லிஃப்ட் மெக்கானிக்" என்று பல்லம்மா முந்திக்கொண்டாள். "என் மருமகள். நீங்க தினமும் ஏறி இறங்கற லிஃப்டுக்கு மேல உட்கார்ந்திருப்பா. பார்த்திருக்கமாட்டீங்க."

சொல்லும்போது குரல் தானாகக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் மவுஸ் வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மருமகள் வெட்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வையைச் செலுத்தினாள்.

கடைக்காரப் பெண் இரண்டு போர்டுகளை எடுத்து மேஜைமேல் அருகருகே வைத்தாள்.

ஒன்று மகன் பெட்டியில் இருந்ததைப் போன்றது. சாக்கெட், அதாவது பிராசஸர் வந்து உட்காரும் சதுரம், முழுக்கப் பொடிப்பொடித் துளை. அதற்கான பிராசஸரைத் திருப்பிக் காட்டினாள். அடியில் சீப்புப் பல்லைப் போல ஊசிகள், வரிசை வரிசையாக.

இன்னொன்று புது வகை. இதில் ஊசிகள் போர்டுப் பக்கம். சதுரத்துக்குள் தங்க நிறத்தில் மெல்லிய புல் முளைத்த மாதிரி இருந்தது. சாய்த்துப் பார்த்தால் ஒரு நேரம் மின்னியது, ஒரு நேரம் மறைந்தது. இதன் பிராசஸர் அடியில் ஊசியே இல்லை. வெறும் தங்கப் பொட்டுகள்.

பல்லம்மா கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். லேப் வேலையை விட்டாலும் அந்தக் கண்ணாடி அவளை விடவில்லை. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுல பல்லு மேல்தாடையில. இதுல பல்லு கீழ்த்தாடையில. அவ்வளவுதானே?"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷம் கடை வச்சிருக்கேன், எனக்கு இப்படிச் சொல்லத் தோணலை. அவ்வளவுதாம்மா. ஆனா இதுல அது ஏறாது, அதுல இது ஏறாது. எந்த சாக்கெட்னு நீங்க முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் பிராசஸர், ரேம் எல்லாம் அது பின்னாடியே வரும். முதல்ல அதைச் சொல்லுங்க."

"நான் சொல்றேன்" என்று மகன் ஆரம்பித்தான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய சாக்கெட்டுக்குக் கைவசம் போர்டும் ரேமும் இருக்கின்றன. புதியதுக்குப் போனால் மூன்றையும் வாங்க வேண்டும். அந்த ரேம் இதில் ஏறாது. பழையதில் இருந்த கோளாறுகளையெல்லாம் உலகமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டது. புதியதில் என்ன பூதம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஊசி போர்டில் இருந்தால் இன்னும் ஆபத்து. பிராசஸர் சிப்பில் ஒரு ஊசி வளைந்தால் மெதுவாக நிமிர்த்திவிடலாம். போர்டில் அந்தப் புல்லை யார் நிமிர்த்துவது?

"பழசு நல்லதுதான். நான் இல்லைன்னு சொல்லலை" என்றாள் மருமகள். "போன மாசம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பார்க்கப் போனேன்ல? கயிறு நல்லா இருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. அந்தக் கன்ட்ரோல் போர்டுல ஒரே ஒரு பாகம் போச்சு. அது இப்ப எங்கயும் பண்றதில்லை. நல்ல லிஃப்ட், நடுமாடியில நின்னுபோச்சு. நோயாளியை ஸ்ட்ரெச்சரோட மாடிப்படியில இறக்கினாங்க. அத்தை கம்ப்யூட்டர் அப்படி நிக்கக்கூடாது."

"புது சாக்கெட் மட்டும் என்ன, சாகாவரம் வாங்கிட்டு வந்ததா?"

"இல்லை. ஆனா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு தலைமுறை சிப்பு இதே சாக்கெட்டுல வரும்னு சொல்லியிருக்காங்க. அப்ப போர்டை மாத்தவேண்டாம், சிப்பை மட்டும் மாத்தினாப் போதும்."

"கம்பெனிக்காரன் சொல்றதையெல்லாம் அப்படியே நம்பறியா?"

"நீ மட்டும் ஒரு பழைய டீ-ஷர்ட்டை நம்பலையா?"

மாமியார் முன்னால் எப்போதும் 'நீங்க' போடுகிறவள். 'நீ' தப்பி விழுந்துவிட்டது. பல்லம்மா காதில் விழாத மாதிரி போர்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. புருஷன் பெண்டாட்டி தனியாக எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று இன்றைக்குத் தெரிந்தது, நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் கழிச்சு நான் என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்னு நினைச்சு நீங்க இதை எடுக்கச் சொல்றீங்க?"

மகன் யோசிக்கவே இல்லை. "அதான்மா நானும் சொல்றேன். நாலஞ்சு வருஷத்துக்கு இதுவே தாராளம். அதுக்கு மேல உனக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? அப்ப நீ ரெஸ்ட் எடுத்துக்கலாம். இந்த வயசுல—"

பாதியில் நிறுத்தினான். நிறுத்தியது நல்லதுதான், ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. லேப் முதலாளியின் சிரிப்பு அந்தக் கடைக்குள் ஒரு கணம் வந்துபோன மாதிரி இருந்தது பல்லம்மாவுக்கு. பிள்ளை ஆசையாகத்தான் சொன்னான். அம்மா உழைத்தது போதும் என்ற பாசம்தான். ஆனாலும் நெஞ்சில் சுருக்கென்று ஏறியது.

அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். "அப்ப உங்ககிட்ட நிறைய டாக்டர் இருப்பாங்க அத்தை. ஒரு பல்லுக்குப் பதிலா முழு வாயும் வரும். இப்ப வாங்கற சிப்பு அப்பப் பத்தாது. அதனாலதான் மாத்தற வசதி வேணும்னு சொன்னேன்."

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். நாளைக்கு மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல.

இத்தனை வருஷ வேலையில் பல்லம்மாவின் கையை ஆயிரம் பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவளுடைய வருங்காலத்துக்கு ஒருத்தரும் இடம் ஒதுக்கி வைத்ததில்லை. இந்தப் பெண் ஒதுக்கியிருக்கிறாள். சாக்கெட்டிலேயே ஒதுக்கியிருக்கிறாள்.

"கீழ்த்தாடையில பல்லு இருக்கிறதைக் குடும்மா" என்றாள் கடைக்காரப் பெண்ணிடம்.

மகன், வீட்டிலிருந்து கையோடு தூக்கி வந்திருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டீ-ஷர்ட்டின் நுனியை உள்ளே செருகினான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் வண்டியைத் துடைக்கிறேன் என்று வாசலில் நின்றுவிட்டான். முந்தாநாள்தான் துடைத்த வண்டி.

பல்லம்மா எட்டிப் பார்த்தாள். வண்டிக் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிடலாமா என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. கோபம் ஆறட்டும், அவனுடையதும், கொஞ்சம் தன்னுடையதும்.

படுக்கையறையில் ஒரு பாதியை ஒழித்து மேஜை போட்டிருந்தார்கள். மருமகள் போர்டை அட்டைமேல் படுக்கவைத்தாள். சாக்கெட்டின் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பிக் கைப்பிடியை விடுவித்து, சட்டத்தைத் திறந்தாள். பிறகு ஒரு நிமிஷம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அத்தை, சிப்பை நீங்க வைங்க."

"நானா? நீதானே படிச்சுட்டு வந்திருக்க."

"என் கை ஸ்பேனர் பிடிச்ச கை. இதுல தூசு பட்டாக்கூட ஊசி வளையும். உங்க கைக்கு இதெல்லாம் தினப்படி வேலை."

பல்லம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிராசஸரை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்கினாள். மூலையில் பொடி முக்கோணம் ஒன்று. சாக்கெட்டின் மூலையிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும். அளவு பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே இறக்கினாள்.

கேப்பும் இப்படித்தான். அழுத்தி ஏற்றினால் அது சரியான கேப் இல்லை. இடம் சரியாக இருந்தால் தானாகப் போய் உட்காரும். பிராசஸர் தானாகப் போய் உட்கார்ந்தது. விரலை எடுத்தாள். அசையவில்லை.

"அவ்வளவுதானா?"

"இப்பத்தான் பயமே இருக்கு" என்றாள் மருமகள். "இந்தக் கம்பியை அழுத்தி மூடணும். கறகறன்னு சத்தம் வருமாம். வந்தாலும் நிறுத்தக்கூடாதாம்."

மூடினாள். நிஜமாகவே கறகறத்தது. யாரோ கடலை உடைக்கிற மாதிரி. பல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து சட்டத்தில் செருகியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி டப்பென்று தெறித்து அவள் மடியில் விழுந்தது.

"ஐயோ! உடைச்சிட்டியா?"

"இல்லை அத்தை, இல்லை! அது அப்படித்தான் தெறிக்குமாம்!"

"முன்னாடியே சொல்லக்கூடாதா? என் உயிரு போய் வந்துடுச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மருமகள்தான் சிரிக்க ஆரம்பித்தாள். வாசலில் வண்டி துடைக்கும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

சிப்பின்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் வைக்க வேண்டும். அதைப் பல்லம்மாவே வைத்தாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. கேப்பை ஒட்டும் சிமெண்ட் அதிகமானால் ஈறில் வழியும், குறைந்தால் கேப் கழன்று வரும். அந்தக் கணக்கு கையிலேயே இருந்தது. சிப்பைக் குளிர்விக்கும் காற்றாடியை மருமகள் திருகினாள். ஸ்பேனர் பிடித்த கை என்று சொன்னாளே தவிர, குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, ஒரு பக்கமும் சாயாமல் அவள் திருகிய அழகைப் பல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கையை நம்பித்தானே ஊரில் பாதிப் பேர் மாடிக்கு ஏறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ரேம், டிஸ்க், வயர்கள் எல்லாம் சேர்ந்தன. திரையை மாட்டினார்கள். மருமகள் பவர் பட்டனை அழுத்தினாள்.

காற்றாடி சுற்றியது. போர்டில் ஓரமாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

திரை கறுப்பாகவே இருந்தது.

காத்திருந்தார்கள். கறுப்பு. மருமகள் திரையின் வயரைக் கழற்றி மாட்டினாள். கறுப்பு. மஞ்சள் விளக்கு மட்டும் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது ஊசி வளைஞ்சிருக்குமா?" என்றாள் பல்லம்மா. தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. "நான்தானே வச்சேன்."

"நீங்க சரியாத்தான் வச்சீங்க அத்தை. நான் பார்த்தேனே." மருமகளின் முகம் வெளுத்திருந்தது. "நான்தான் இதை வாங்கலாம்னு நின்னேன். பேசாம அவரு சொன்னதையே கேட்டிருக்கலாம். இருங்க, அணைச்சுட்டுத் திரும்பப் போடறேன்."

பவர் பட்டனை நோக்கிக் கை போனது.

"தொடாதே!"

மகன் வாசற்படியில் நின்றான், கையில் ஈரத் துணியோடு. ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"தொடாதே. அது ஓடிக்கிட்டிருக்கு. இந்தப் புது ரேமை முதல் தடவை போட்டா, போர்டு அதோட உட்கார்ந்து பேசி ஒத்து வர்றதுக்கு நேரம் எடுக்கும். அதுவரைக்கும் திரை வராது. நடுவுல அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். எல்லாரும் பண்ற தப்பு அது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" மருமகள் அவனையே பார்த்தாள். "நீங்கதான் இதை வேண்டாம்னு சொன்னீங்களே."

மகன் துணியை முறுக்கினான். தரையில் சொட்டியது.

"வேண்டாம்னு சொல்றதுக்காகத்தான் படிச்சேன். நேத்து ஆபீஸ்ல சாப்பாட்டு வேளை முழுக்க இதுல என்ன குறைன்னு தேடினேன். உருப்படியா கிடைச்சது இது ஒண்ணுதான், முதல் தடவை ரொம்ப நேரம் யோசிக்கும்னு. இதைப் போய் ஒரு குறைன்னு கடையில சொன்னா நீ சிரிப்பன்னு விட்டுட்டேன்."

பல்லம்மா வாயைத் திறப்பதற்குள் திரை பளிச்சென்று வெளிச்சமானது.

வரி வரியாக எழுத்து ஓடியது. பிராசஸரின் பெயர், ரேமின் அளவு, எல்லாம் வந்து ஒழுங்காக நின்றன. மருமகள் துள்ளி எழுந்து கணவனின் தோளில் ஒரு குத்து விட்டாள். மாமியார் இருப்பது நினைவுக்கு வந்து, குத்திய இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"அம்மா" என்றான் மகன். "கடையில நான் சொன்னது... ரெஸ்ட், வயசுன்னு..."

"அதை விடு."

"விடமுடியலைம்மா. உன்னைக் குறைச்சு நினைச்சு சொல்லலை. நான் கட்டின கம்ப்யூட்டர்ல நீ உட்கார்ந்து வேலை பார்க்கணும்னு ஒரு ஆசை. அன்னிக்கு டார்ச் பிடிச்சியே... அந்த போர்டை அதனாலதான் நான் தூக்கிப் போடலை."

பல்லம்மா அவன் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கி ஜன்னலில் போட்டாள். "இதுவும் நீ கட்டினதுதான். அவ கையை நீ பிடிக்கலைன்னா இது இன்னும் கறுப்பாத்தான் இருந்திருக்கும். போ, அந்த மென்பொருளை ஏத்து. எனக்குத் திங்கட்கிழமை காலையில பல்லு வேணும்."

அவன் உட்கார்ந்து ஏற்றினான். மருமகள் பின்னால் நின்று, அவன் கேட்காமலே வயர்களைக் கட்டி ஒழுங்கு பண்ணினாள். மத்தியானச் சாப்பாட்டை மூவருமே மறந்திருந்தார்கள். மருமகள் ரொட்டியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தபோது, "சிதறினா போர்டுல விழும், தள்ளி நின்னு சாப்பிடு" என்று மகனுக்குப் பல்லம்மாவின் உத்தரவு பிறந்தது.

பிறகு பல்லம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள்.

தாடை வந்தது. மவுஸை லேசாக நகர்த்தினாள். தாடை திரும்பியது. வழுக்கிக்கொண்டு, தயக்கமே இல்லாமல், அவள் கை போகிற பக்கமெல்லாம் வந்தது. கீழே கவிழ்த்தாள், மேலே தூக்கினாள், நாக்குப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து பார்த்தாள். எங்கும் நிற்கவில்லை.

அதன் பிறகு அந்த அறையில் மற்ற இருவரும் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. மேல்பல் எங்கே வந்து மோதுகிறது, எந்தப் பக்கம் இவர் மெல்லுகிறவர், பக்கத்துப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மென்பொருள் தானாக ஒரு பல்லைப் போட்டுக் காட்டியது. அழகான பல். ஆனால் இந்த வாய்க்கு உரியது இல்லை, புத்தகத்துப் பல். அதன் மேட்டைக் கொஞ்சம் தேய்த்தாள். பள்ளத்தை ஒரு பக்கம் இழுத்தாள். இத்தனை காலம் மெழுகில் செய்ததை இப்போது வெளிச்சத்தில் செய்தாள்.

மகன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அம்மா வேலை செய்வதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. லேபிலிருந்து வரும்போது பிளாஸ்டர் படிந்த கையோடு வருவாள், அவ்வளவுதான் தெரியும்.

"அம்மா இப்படித்தான் இருப்பாங்களா வேலையில?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்று அவளும் கிசுகிசுத்தாள். "ராத்திரியெல்லாம் என் லேப்டாப்பை வாங்கிக்கிட்டு என்ன பண்ணாங்கன்னு நினைச்ச?"

மாலை வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்தபோது பல்லம்மா கோப்பை டாக்டருக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலித்தது. நல்ல வலி.

போன் அடித்தது. டாக்டர்.

"நீங்க அனுப்பினதைப் பார்த்தேன்மா" என்றார். எதிர்முனையில் ஏதோ தட்டும் சத்தம். பார்த்துக்கொண்டே பேசுகிறார் போலிருக்கிறது. "இவருக்கு இடது பக்கம் மெல்லற பழக்கம்னு நான் உங்களுக்கு எழுதலையே?"

"எழுதலை டாக்டர். எதிர்ப்பல்லோட தேய்மானத்துல தெரிஞ்சுது."

எதிர்முனையில் தட்டும் சத்தம் நின்றது.

"நான் திருத்த எதுவும் இல்லை. இப்படியே பல்லைக் கடையற மெஷினுக்கு அனுப்பறேன். என் கிளினிக்குல மொத்தம் மூணு டாக்டர். நாளைக்கு நாங்க மூணு பேரும் வந்து உங்க லேபைப் பார்க்கலாமா? பேசவேண்டியது நிறைய இருக்கு."

பல்லம்மா அறையைப் பார்த்தாள். கட்டில்மேல் அட்டைப்பெட்டிகளும் தெர்மாக்கோல் துண்டுகளும் மலையாகக் கிடந்தன. ஜன்னலில் ஈரத் துணி. அலமாரிக் கதவில் மருமகளின் கிரீஸ் சட்டை.

"தாராளமா வாங்க டாக்டர்" என்றாள். குரலில் துளி நடுக்கம் இல்லை.

"உங்க தெரு எனக்குப் புதுசு. வாசல்ல லேப் பேரு போட்டு போர்டு இருக்குமில்ல?"

"இருக்கும் டாக்டர்."

போனை வைத்தாள். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். மகனும் மருமகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குள்ள எனக்கு ஒரு போர்டு வேணும்."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னொரு போர்டா? அம்மா! எந்த சாக்கெட்?"

"வாசல்ல மாட்டற போர்டுடா. பேரு எழுதினது. டாக்டருங்க வர்றாங்க."

"என்ன பேரு அத்தை?" என்றாள் மருமகள். கேட்டுவிட்டு, அவளே ஒன்று சொல்ல வாயெடுத்தாள். அதே நேரம் மகனும் வாயெடுத்தான்.

பல்லம்மா கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினாள்.

"சாக்கெட்டுக்கு உங்களைக் கேட்டேன். இதுக்குக் கேட்கமாட்டேன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். கதவுக்குப் பக்கத்தில் வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். பிறகு கையை அகல விரித்து, எவ்வளவு பெரிய பலகை வேண்டும் என்று அளவு பார்க்க ஆரம்பித்தாள்.